பட்ஜெட் விமானத்தில் எனக்கும் ஒரு பங்கு

பிரிவு என்று ஒன்று வந்தால் சிலருக்குக் கவிதை வரும், சிலருக்குச் சர்க்கரை வரும். எனக்குப் பங்குச்சந்தை வந்தது.

என் கணவர் அன்பழகன் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் மேற்பார்வையாளர். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார், ஒரு மாதம் இருப்பார், போய்விடுவார். அவர் முதலில் போனபோது எங்கள் மகள் கயலுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. நான் சொல்லப் போகும் கூத்து நடந்தபோது அவள் பிளஸ் டூ. நடுவில் முளைத்த பற்களையெல்லாம் அவர் போனில்தான் பார்த்தார்.

நிரந்தரமாகத் திரும்பி வர ஒரு திட்டம் இருந்தது. நெல் அறுவடை மெஷின் ஒன்று வாங்க வேண்டும். சம்பா அறுப்புக் காலத்தில் குடவாசல் சுற்று வட்டாரத்தில் மெஷினுக்கு அடிதடியே நடக்கும். மெஷினை வாடகைக்கு விட்டுக்கொண்டு ஊரிலேயே இருந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. நாங்களும் சேர்த்தோம். ஆனால் நாங்கள் சேர்க்கச் சேர்க்க மெஷின் விலை எங்களுக்கு ஒரு வரப்பு முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு லீவு முடியும்போதும் “இன்னும் ரெண்டே வருஷம் அரசி” என்பார். (என் முழுப் பெயர் மங்கையர்க்கரசி. அதைக் கூப்பிட நேரமுள்ளவர்கள் ரேஷன் கடையில் மட்டும்தான்.)

நான் நடராஜன் அண்ணனின் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மத்தியான நேரத்தில் கடைக்கு ஆள் வராது. அப்போது ஸ்டீபன் சார் வருவார். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டுக்கொண்டு, பொட்டாஷ் மூட்டை மேல் நாளிதழை விரித்து, வணிகப் பக்கத்தை ராசிபலன் படிக்கிற மாதிரி படிப்பார். அண்ணன், போனில் பங்குச்சந்தை பற்றிக் கத்துகிற பையன்களின் வீடியோக்களைப் பார்ப்பார். இந்த இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துதான் நான் முதலீட்டாளரானேன்.

அண்ணன் கண்டுபிடித்ததுதான் அந்த விமானக் கம்பெனி. குறைந்த கட்டணத்தில் பறக்கிற கம்பெனி. பெயர் வேண்டாம், அது என் மேல் வழக்குப் போட்டால் அந்தச் செலவில் எனக்கும் பங்கு வரும்.

“நம்ம பக்கத்துல வீட்டுக்கு ஒரு ஆளு வெளிநாட்டுல இருக்கான். பிளேன் காலியா போகுமா? யோசிச்சுப் பாருங்க சார்” என்றார் அண்ணன்.

“பிளேன் நெறைஞ்சு போனா லாபம்னு யாரு சொன்னா?” என்றார் ஸ்டீபன் சார். “எண்ணெய் ஏறினா இது விழும். டாலர் ஏறினா விழும். இன்னொருத்தன் டிக்கெட் விலைய குறைச்சாலும் விழும். பிளேனே இவனுது இல்ல, வாடகைக்கு எடுத்து ஓட்டுறான்.”

“நம்ம ஆளுங்க பாதிப் பேரு குத்தகை நிலத்துலதான் சார் விளைய வைக்கிறான்.”

“வச்சு, எவன் மாடி வீடு கட்டுனான், சொல்லு.”

இப்படி வாரக்கணக்கில் போகும். நான் தலையாட்டிக்கொண்டே கேட்பேன். நிஜத்தில் எண்ணெயும் டாலரும் என் காதில் ஏறவே இல்லை. திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருவது அந்தக் கம்பெனி. அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதன் றெக்கையில் ஒரு திருகாணியாவது என்னுடையது என்றால் அவர் வருகிற அன்று அது கொஞ்சம் பொறுப்பாகப் பறக்கும் என்று நினைத்தேன். முதலீட்டுக்கு இதைவிடச் சிறந்த காரணம் எந்த வீடியோவிலும் இல்லை.

“தொலைஞ்சு போனாலும் சோறு இறங்கணும். அந்த அளவுக்கு மட்டும் போடு” என்றார் ஸ்டீபன் சார். நான் சோறு கொஞ்சம் தொண்டையில் சிக்குகிற அளவுக்குப் போட்டேன். மெஷின் பணத்தில்தான். அண்ணனும் போட்டார், ஸ்டீபன் சார்கூடப் பேருக்குக் கொஞ்சம் வாங்கி வைத்தார்.

அன்று சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து அவர் போன் செய்தபோது பெருமையாகச் சொன்னேன். “ஏங்க, நீங்க வர்ற பிளேன்ல ஷேர் வாங்கியிருக்கேன்.”

லைன் விட்டு விட்டுக் கேட்டது. “ஷேரெல்லாம் எதுக்கு அரசி? நிறைய சாமான் இருக்கும். தனி வண்டியே பேசிடு” என்றார்.

அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

வாங்கிய பிறகு ஒரு விநோதமான வாழ்க்கை ஆரம்பித்தது. அவர் எப்படி இருக்கிறார் என்று தெரிய ராத்திரி போன் வரும்வரை காத்திருக்க வேண்டும். கம்பெனி எப்படி இருக்கிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் தெரிந்தது. பில் போட்டுக்கொண்டே போனைப் பார்ப்பேன். விலை ஏறிப் பச்சையாக இருந்தால் அவர் நன்றாகச் சாப்பிட்டிருப்பார் என்று தோன்றும். இறங்கிச் சிவப்பாக இருந்தால் காய்ச்சலோ என்று இருக்கும். வீடியோ காலிலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு பேசுவார். அவருடைய நெற்றியும் அதற்கு மேல் சுற்றுகிற விசிறியும்தான் படத்தில் இருக்கும். இரண்டு வருடத்தில் அந்த விசிறி எனக்கு நன்றாக அறிமுகமாகிவிட்டது.

பிறகு எண்ணெய் விலை ஏறியது. ஸ்டீபன் சார் சொன்னபடியே எங்கள் பங்கு இறங்கியது. அண்ணன் கலங்கவில்லை. “இறங்குனப்பதான் இன்னும் வாங்கணும்” என்றார். மெஷின் பணத்தில் மீதியையும் போடச் சொன்னார். ஸ்டீபன் சார் கூடவே கூடாது என்றார். நான் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் கணவர் லீவில் வரும் தேதி முடிவானது.

அண்ணன் மேஜையைத் தட்டினார். “நெல்லைக் கையில அள்ளிப் பாக்காம யாராச்சும் விலை பேசுவானா? மாப்பிள்ளைய அழைக்க எப்படியும் திருச்சிக்குப் போகணும். நாமளும் போவோம். பிளேன் நெறைஞ்சு வருதா, ஜனங்க என்ன சொல்லுது, எல்லாத்தையும் கண்ணால பாப்போம். அதுக்கப்புறம் முடிவு பண்ணுவோம்.”

“நானும் வர்றேன். இல்லாட்டி நீ கண்ணால பாத்துட்டு வாயால வேற சொல்லுவே” என்றார் ஸ்டீபன் சார்.

அப்படித்தான், இரண்டு வருடமாக நான் காத்திருந்த நாள், ஒரு கம்பெனி ஆய்வாக மாறியது.

காலையில் நான் பட்டுப்புடவை கட்டி, குடந்தையில் இறங்கி மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டேன். அவரைப் பார்த்ததும் என்ன சொல்வது என்று ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அது என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. பரீட்சை இருந்ததால் கயல் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. அண்ணன் காரில் முன்னால் அவர்கள் இருவரும், பின்னால் நானும் கிளம்பினோம்.

வழியிலேயே வேலை பிரிக்கப்பட்டது. அண்ணன் தலை எண்ணுவார், மூட்டை எண்ணிப் பழகிய கண் அது. விமானம் நேரத்துக்கு வந்ததா, சீட்டு எப்படி என்று ஸ்டீபன் சார் விசாரிப்பார். என் பொறுப்பு சாமான். “இந்த மாதிரி கம்பெனிக்கு டிக்கெட்ல லாபம் கிடையாதும்மா. கூடுதல் சாமானுக்கு வாங்குறானே, அதுலதான் பொழைக்கிறான். நல்லா விசாரி” என்று ஸ்டீபன் சார் தன் பேனாவையே எடுத்துக் கொடுத்தார். எழுத உரக்கடை பில் புத்தகம் இருந்தது.

விமானம் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் ஆட்கள் தள்ளுவண்டியோடு வெளியே வர ஆரம்பித்தார்கள். கீழ்வேளூர்க்காரர் ஒருவர்தான் என்னிடம் முதலில் சிக்கினார்.

“ஐயா, லக்கேஜுக்கு எக்ஸ்ட்ரா காசு கட்டினீங்களா?”

அவர் வண்டியை நிறுத்திவிட்டார். “கட்டுனேம்மா. அநியாயக் காசு. ஏன், திருப்பித் தர்றாங்களா?”

“இல்லைங்க, எவ்வளவுன்னு எழுதிக்கிறேன்.”

“எழுதிக்கம்மா, நல்லா எழுதிக்க” என்று தொகையையும் பெயரையும் சொன்னார். நான் ‘இல்லைங்க’ என்றதை அவர் காது வாங்கவே இல்லை. பட்டுப்புடவை, பில் புத்தகம், பேனா. என்னைப் பார்த்தால் கம்பெனியே வாசலில் நிறுத்திய அதிகாரி மாதிரி இருந்திருக்க வேண்டும். அவர் பின்னால் வந்தவரிடம் சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, நான் நிமிர்வதற்குள் என் முன்னால் தள்ளுவண்டிகளோடு ஒரு வரிசை நின்றது. பணம் திரும்ப வருகிறது என்று யாராவது சொன்னால் நம் ஜனம் கேள்வி கேட்காது, வரிசையில் நிற்கும்.

எனக்கோ ஒரே உற்சாகம். இவ்வளவு பேர் கூடுதல் சாமானுக்குக் கட்டியிருக்கிறார்கள் என்றால் கம்பெனி எங்கேயோ போகப் போகிறது. மெஷின் கிடைத்துவிடும். அவர் திரும்பி வந்துவிடுவார். குனிந்த தலை நிமிராமல் எழுதினேன். ஆட்களின் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைத்தான் பார்த்தேன்.

“அடுத்து. சார், லக்கேஜுக்கு எக்ஸ்ட்ரா காசு கட்டினீங்களா?”

“கட்டினேங்க.”

“என்ன சாமான் கொண்டாந்தீங்க?”

“கம்பளி, தைலம், சாக்லேட்டு, ஒரு மிக்ஸி. எல்லாம் வீட்ல கேட்டது.”

“எந்த ஊரு?”

“குடவாசல்.”

நம் ஊர்க்காரர் என்றதும் ஒரு பாசம் வந்தது. “அட, குடவாசல்ல எங்கே?”

“உங்க வீடுதாங்க.”

நிமிர்ந்தேன்.

மீசையில் பாதி நரைத்திருந்தது. வீடியோவில் நெற்றி மட்டும் தெரிந்ததால் இந்த மீசை எனக்குத் தெரியாது. கண்ணாடி போட்டிருந்தார். சட்டை தோளில் தொங்கியது. வெளியே வந்தவுடன் என்னைப் பார்த்துவிட்டாராம். கை காட்டினாராம். நான் எழுதிக்கொண்டே இருந்தேனாம். கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார். இரண்டு வருடம் கழித்து வந்த மனிதர், பெண்டாட்டியைப் பார்க்க வரிசையில் நின்றிருக்கிறார்.

நான் தயாராக வைத்திருந்த வாக்கியம் எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை. வாய் திறந்தது. “ரசீது வச்சிருக்கீங்களா?” என்றது.

அவர் சிரித்தார். சிரித்ததில் கண் கலங்கியதா, கண் கலங்கியதை மறைக்கச் சிரித்தாரா என்று நான் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பில் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். (அணைக்க வேண்டிய ஆள் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.)

பின்னால் நின்றவர் பொறுமை இழந்தார். “அவருது முடிஞ்சிருச்சுன்னா எங்களையும் கொஞ்சம் பாருங்கம்மா.”

அதற்குள் காவலர் ஒருவர் வந்துவிட்டார். “யாரும்மா இங்க காசு திருப்பித் தர்றேன்னு வரிசையில நிக்க வச்சிருக்கிறது?”

ஸ்டீபன் சார் பெல்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். “நாங்க இந்தக் கம்பெனியோட பங்குதாரருங்க. வியாபாரம் எப்படிப் போகுதுன்னு பாக்க வந்தோம்.”

காவலர் எங்களை மேலிருந்து கீழே பார்த்தார். “எவ்வளவு வச்சிருக்கீங்க?”

மூன்று பேரும் மெதுவான குரலில் சொன்னோம்.

“என் மச்சான் இதைவிட அதிகம் வச்சிருக்கான். அவனே வெளியில நின்னுதான் வண்டி பிடிக்கிறான். கிளம்புங்க, கிளம்புங்க” என்று வரிசையைக் கலைத்தார். கூட்டம் என்னைத் திட்டிக்கொண்டே போனது. கீழ்வேளூர்க்காரர் மட்டும் நம்பிக்கை இழக்காமல், “பேரு எழுதியிருக்கீங்கல்ல, மறந்துடாதீங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் போன பிறகு காவலர் ஸ்டீபன் சாரிடம் குனிந்து கேட்டார். “இப்ப இருக்குற விலைக்கு வாங்கலாமா சார்?”

காரில் அடுத்த சோதனை. சாமான் பின் சீட்டில் பாதியைப் பிடித்தது. மீதியில் நானும் ஸ்டீபன் சாரும். என் கணவரை அண்ணன் முன்னால் உட்கார வைத்துக்கொண்டார், மரியாதைக்காக அல்ல. இவ்வளவு விவரம் தெரிந்த பயணி வேறு எங்கே கிடைப்பார்?

“சீட்டு எப்படி மாப்ளே?”

“முட்டி இடிக்குதுண்ணே. காலை நீட்டவே முடியாது.”

“அப்ப ஒரு வரிசை கூடப் போட்டிருக்கான். கெட்டிக்காரன்.”

“தண்ணிக்கும் காசு.”

“தண்ணிக்குமா?” அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். “கேட்டியா அரசி?”

கேட்டேன். நான் இருந்த இடத்திலிருந்து அவருடைய பின்கழுத்து மட்டும் தெரிந்தது. வெயிலில் கறுத்து, காலர் பட்ட இடத்தில் ஒரு தீக்காயத் தழும்பு, புதிது. தஞ்சாவூரில் காபிக்கு நிறுத்தியபோதும் அண்ணன் அவரை விடவில்லை. அவர் பட்ட சிரமம் ஒவ்வொன்றும் எங்களுக்கு நல்ல செய்தியாக இருந்தது. சாப்பிடாமல் வந்திருக்கிறார், சாப்பாட்டின் விலை அப்படி. நல்லது. பெட்டி கொஞ்சம் கனத்ததற்குக் கறாராக வாங்கிவிட்டார்கள். மிக நல்லது. ஸ்டீபன் சார்கூட மனம் மாறத் தொடங்கியிருந்தார்.

ஐயம்பேட்டை தாண்டியிருப்போம். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் கட்டு கிடந்தது. அண்ணன் கேட்டார். “பண்டிகை நேரத்துல டிக்கெட் விலை ஏறுமாமே?”

“போன பொங்கலுக்கு மூணு மடங்குண்ணே.”

“மூணு மடங்கா? அப்படியும் நெறைஞ்சுதா?”

“நெறைஞ்சுது. நான்தான் வரலை.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அந்தப் பொங்கலுக்குத்தான் கயல் முதல்முறையாகத் தாவணி கட்டினாள். வாசலில் அவளே கோலம் போட்டாள். அப்பா வருவதாகச் சொல்லியிருந்தார். பிறகு லீவு தரவில்லை என்று போன் வந்தது. அவருடைய முதலாளியை நான் அன்று திட்டாத திட்டு இல்லை.

“லீவு தரலைன்னுதானே சொன்னீங்க?” என்றேன் பின்னாலிருந்து.

அவர் திரும்பவில்லை. “லீவு குடுத்தாங்க அரசி. டிக்கெட்டைப் பாத்தேன். அந்தக் காசுக்கு நம்ம மெஷினுக்கு ஒரு டயரே வாங்கிடலாம்னு தோணுச்சு. விட்டுட்டேன்.”

அண்ணன் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். ஸ்டீபன் சார்தான் அவர் தோளைத் தட்டினார். “நடராஜா, வண்டிய ஓரமா நிறுத்து. எனக்குப் பின்னாடி உக்காந்தா தலை சுத்துது. நான் முன்னாடி வர்றேன்.”

சாருக்கு ஒரு சுற்றும் இல்லை. இருந்தாலும் இறங்கி முன்னால் போனார், இவர் பின்னால் வந்தார். மிக்ஸி பெட்டியை எங்கள் இருவர் மடியிலும் சரிபாதியாக வைத்துக்கொண்டோம். பாபநாசம் தாண்டியது. பிறகு அவர், “பூ வாடிப் போச்சு” என்றார். “காலையில வச்சது” என்றேன். இவ்வளவுதான் பேசினோம். அண்ணனோ முன்னால் ஸ்டீபன் சாரிடம் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. குடவாசல் வரைக்கும் உர விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும், கயல் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே, இவர் எல்லாவற்றையும் நடித்துக் காட்டிவிட்டார். என் குனிந்த தலை, பேனா, “அடுத்து”, “ரசீது வச்சிருக்கீங்களா?” எல்லாம். கயல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அப்பா வந்திருக்கிறாரே, எப்படிப் பேசுவது என்று கதவோரம் தயங்கி நின்ற பெண், அந்தச் சிரிப்பில்தான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அதனால் நான் பட்ட அவமானத்தை வீண் என்று சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு ஷேர் என்றால் வாடகைக் கார் அல்ல என்பதை விளக்கினேன். கோபம் வரும் என்று பயந்தேன். அவரோ, “அப்ப நான் லக்கேஜுக்குக் கட்டுன காசுல உனக்கும் பங்கு வருமா?” என்று கேட்டார்.

“கம்பெனி லாபத்தைப் பிரிச்சுக் குடுத்தா வரும்.”

“எவ்வளவு வரும்?”

கயல் போனில் கணக்குப் போட்டாள். குடந்தையில் ஒரு காபி வாங்கி, அதில் நுரையை மட்டும் குடிக்கலாம் என்று தெரிந்தது. அதுவும் கம்பெனி கொடுத்தால்தான். இதுவரை கொடுத்ததில்லை.

மெஷின் பணத்தின் மீதியை நான் போடவில்லை. அண்ணனும் வற்புறுத்தவில்லை. கொஞ்ச நாளில் அவர் தன்னுடையதை விற்றுவிட்டு சிமெண்ட் கம்பெனிக்கு மாறினார். கூடாது கூடாது என்று சொன்ன ஸ்டீபன் சார், எண்ணெய் இறங்கியதும் சத்தமில்லாமல் இன்னும் கொஞ்சம் வாங்கியதாகப் பிறகு தெரிந்தது. நான் விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை.

லீவு முடிந்து அவரை ஏற்றிவிட மறுபடி திருச்சிக்குப் போனோம். இந்த முறை நானும் கயலும் மட்டும். உள்ளே போகும் ஆட்களைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். எல்லாச் சீட்டும் நிரம்ப வேண்டும், அது பங்குதாரரின் ஆசை. ஒரே ஒரு சீட்டு காலியாகப் போனால் கம்பெனி என்ன நொடித்தா போய்விடும் என்றும் தோன்றியது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். விமானம் நிரம்பித்தான் போயிற்று. மறுநாள் விலை கொஞ்சம் ஏறியிருந்தது. என் வாழ்க்கையில் பச்சையைப் பார்த்து அழுதது அன்றுதான்.

இப்போதும் எங்கள் வீட்டில் யார் வெளியே போய்விட்டு வந்தாலும், காய்கறிப் பையோடு வந்தாலும், வாசலிலேயே ‘ரசீது வச்சிருக்கீங்களா?’ என்ற அந்தக் கேள்விதான். கயலின் தோழிகள்கூட என்னை ‘ஓனரம்மா’ என்கிறார்கள். இவர் ஊருக்கு வரும்போதெல்லாம் வெளிவாசலில் என் முன்னால் வண்டியை நிறுத்தி, “அன்பழகன், குடவாசல், ரசீது இருக்கு” என்று அறிவித்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுகிறார்.

போன வாரம் போன் செய்தார். அடுத்த லீவுக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அரசி, இந்தத் தடவை வர்றதுக்கு மட்டும் போட்டுடவா? ஆனா ஒண்ணு, கம்பெனிக்கு ஒரு ரெகுலர் கஸ்டமர் போயிடுவான். ஓனரம்மாவுக்குச் சம்மதமா?”

“கம்பெனி நஷ்டத்தை நான் பாத்துக்கிறேன். நீங்க போடுங்க” என்றேன்.

சிரித்தார். நானும் சிரித்தேன். பக்கத்தில் கயலும் சிரித்தாள். ஒவ்வொரு முறையும் இதையேதான் கேட்கிறார், நானும் இதையேதான் சொல்கிறேன். டிக்கெட்டை மட்டும் போக வரச் சேர்த்தே போட்டுவிடுகிறார், அதில்தான் விலை குறைவாம்.